போட்டிக் கோட்பாடுகளை ஒப்பிடுவது எப்படி: ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து இரங்கூன் பெட்டியடி வரை

நிறுவனங்கள் ஒன்றோடொன்று எவ்வாறு போட்டியிடுகின்றன, அவற்றுள் ஒன்று மட்டும் ஏன் மேலோங்கி நிற்கிறது என்பதை விளக்கும் கோட்பாடுகளை ஒப்பிடச் சொன்னால், மாணவர்கள் தாளின் நடுவே ஒரு கோடு போடுவார்கள். இடப்பக்கம் போர்ட்டர், வலப்பக்கம் பார்னி, ஒருவர் வெளியே, தொழில்துறையைப் பார்க்கிறார், மற்றவர் உள்ளே, நிறுவனத்தின் வளங்களைப் பார்க்கிறார், மதிப்பெண்ணும் வந்துவிடும். காரைக்குடிப் பக்கம் பல ஆண்டுகளாக வணிகவியல் கற்பித்து, இத்தகைய தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்தியவன் என்ற முறையில் அந்த ஒப்பீட்டில் நான் காணும் குறை, அதில் இலக்கணம் இருக்கிறது, தொழில் இல்லை என்பதே. இரண்டு தராசுகளை அருகருகே வைத்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் எது ஒழுங்காக நிறுக்கிறது என்று தெரியாது. இரண்டிலும் ஒரே பொருளை வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படி வைத்துப் பார்க்கும் முறையையே இங்கு எழுதுகிறேன். நிறுப்பதற்கு நம் பக்கத்திலேயே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, இன்றும் நடந்துகொண்டிருக்கும் ஆத்தங்குடி டைல் பட்டறை. மற்றொன்று, நம் வீடுகளின் முகப்பையும் வளவையும் பட்டாலையையும் கட்டிக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஒடிந்துபோன, நகரத்தாரின் பர்மா லேவாதேவி, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில். முதலாவது எளிது, கோட்பாடுகளைப் பழக்கிக்கொள்ள உதவும். இரண்டாவது கடினமானது, கோட்பாடுகள் எங்கே கைவிடுகின்றன என்பதைக் காட்டும்.

கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு கோட்பாடும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை சொல்லப் பிறந்தது. அந்தக் கேள்வியை மறந்துவிட்டு விடைகளை மட்டும் ஒப்பிடும்போதுதான் குழப்பம் வருகிறது.

1950களில் ஜோ பெய்ன் போன்ற பொருளியலாளர்கள், சில தொழில்துறைகளில் மட்டும் லாபம் ஏன் தொடர்ந்து உயர்ந்தே இருக்கிறது என்று கேட்டார்கள். புதியவர்கள் நுழைய முடியாதபடி தடைகள் இருப்பதே காரணம் என்பது அவர்கள் கண்ட விடை. பொதுமக்கள் கூடுதல் விலை கொடுக்க நேர்கிறதே என்ற கவலையோடு அவர்கள் அதைச் சொன்னார்கள். மைக்கேல் போர்ட்டர் 1979இல் எழுதிய கட்டுரையிலும் 1980இல் வெளியிட்ட நூலிலும் அதே கருத்தை எடுத்து முதலாளியின் பக்கத்திலிருந்து திருப்பிப் போட்டார். அரசு உடைக்க நினைத்த தடையை முதலாளி தேடிப் போக வேண்டிய இடமாகக் காட்டினார். இருக்கும் போட்டியாளர்களின் மோதல், புதிதாக நுழைவோர், மாற்றுப் பொருள், வாங்குவோரின் வலு, சரக்குத் தருவோரின் வலு ஆகிய ஐந்து விசைகளைப் பார்த்து ஒரு துறையில் லாபம் தங்குமா என்று கணிப்பது அவர் முறை. அதாவது, போர்ட்டர் விடை சொல்லும் முதல் கேள்வி ‘இந்தத் தொழில் நல்ல தொழிலா?’ என்பது. அந்தத் தொழிலுக்குள் எங்கே நிற்பது என்பதற்கு, குறைந்த செலவு, தனித்தன்மை, குறுகிய வட்டத்தில் குவிதல் என்ற வழிகளை அடுத்தபடியாகச் சொன்னார்.

வளம் சார்ந்த பார்வை, சுருக்கமாக வள நோக்கு, வேறொரு கேள்வியிலிருந்து வருகிறது. ஒரே தொழிலில், ஒரே சந்தையில் இருக்கும் இருவரில் ஒருவர் மட்டும் ஏன் நீடித்து அதிகம் சம்பாதிக்கிறார்? 1959இல் எடித் பென்ரோஸ் நிறுவனத்தை வளங்களின் தொகுப்பாகப் பார்த்தார். 1984இல் பிர்கர் வெர்னர்ஃபெல்ட் அந்தப் பார்வைக்குப் பெயர் கொடுத்தார். 1991இல் ஜே பார்னி நான்கு சோதனைகளை வைத்தார். வளம் மதிப்புள்ளதாக இருக்க வேண்டும், அரிதாக இருக்க வேண்டும், பிறர் போலச் செய்ய முடியாததாக இருக்க வேண்டும், அதற்கு ஈடான மாற்று இருக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வியை 1937இலேயே ரொனால்ட் கோஸ் கேட்டுவிட்டார்: எல்லாவற்றையும் சந்தையில் வாங்க முடியுமென்றால் நிறுவனம் என்று ஒன்று எதற்கு? ஒப்பந்தம் பேசவும் கண்காணிக்கவும் ஆகும் செலவு சந்தையில் கூடும்போது வேலையை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள் என்ற அவருடைய விடையை ஆலிவர் வில்லியம்சன் பின்னர் விரித்தார். நான்காவது, 1997இல் டீஸ், பிசானோ, ஷுவென் மூவரும் எழுப்பியது: சூழ்நிலை மாறும்போது தம் வளங்களையே மாற்றி அமைத்துக்கொள்ளும் திறன் சிலருக்கு மட்டும் எப்படி வாய்க்கிறது? இதை இயங்கு திறன் என்று சொல்லலாம்.

ஆகவே ஒப்பீட்டைத் தொடங்கும் முன் ஒரே ஒரு வரியில் உங்கள் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். ‘ஆத்தங்குடி டைல் தொழிலைப் பற்றி ஆராய்க’ என்பது கேள்வி ஆகாது. ‘ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பட்டறைகளில் ஒன்றுக்கு ஆறு மாதம் முன்கூட்டியே ஆர்டர் நிரம்பிவிடுகிறது, மற்றொன்று வாரக் கூலிக்கே திணறுகிறது, ஏன்?’ என்பது கேள்வி.

போட்டியிடுவது யார்?

பாடநூல்கள் இந்தப் படியை ஏறக்குறைய தாண்டிப் போய்விடுகின்றன. அமெரிக்க நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதுபவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. நிறுவனம் எது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் வருவதில்லை. நம் பக்கத்தில் வரும். வாடிக்கையாளர் ‘ஆத்தங்குடிக் கல்’ என்று ஊரின் பெயரைச் சொல்லி வாங்குகிறார். எந்தப் பட்டறையில் ஊற்றினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அது தறிக்காரர் ஒருவருக்குக் கிடைத்த காப்பு அன்று, அந்தப் பகுதிக்கே கிடைத்தது.

ஆத்தங்குடி மண்ணை எடுத்துக்கொள்வோம். டைல்களின் தரத்துக்கு உள்ளூர் மணலே காரணம் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், அந்த மணல் பார்னி சொல்லும் அரிய வளமா? ஆத்தங்குடிக்கும் வெளியூருக்கும் நடக்கும் போட்டியைப் பார்த்தால், ஆம். ஆத்தங்குடியின் இரண்டு பட்டறைகளுக்கு இடையே நடக்கும் போட்டியைப் பார்த்தால், இல்லை. எல்லோரும் அதே மணலைத்தான் அள்ளுகிறார்கள். ஒரே வளம், ஒரே கோட்பாடு, இரண்டு எதிரெதிர் விடைகள். அலகு, அதாவது போட்டியிடுவது யார் என்று நாம் எடுத்துக்கொண்டது, மாறியதால் வந்த வேறுபாடு இது. மாணவர்களின் கட்டுரைகளில் முதல் பத்தியில் ஊர் போட்டியிடும், மூன்றாம் பத்தியில் பட்டறை போட்டியிடும், முடிவில் தமிழ்நாடே போட்டியிடும். எந்தக் கோட்பாடு பொருந்தியது என்று கேட்டால் எல்லாமே பொருந்தியது என்பார்கள்.

பட்டறை, ஊர், சமூகம் என்ற மூன்றில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் என்று முடிவு செய்தால், 1890இல் ஆல்ஃபிரட் மார்ஷல் தொழில் கூடிய ஊர்களைப் பற்றிச் சொன்னது கைகொடுக்கும்: ஒரே இடத்தில் தொழில் குவிந்தால் அதன் இரகசியங்கள் இரகசியமாக இல்லாமல் காற்றிலேயே கலந்துவிடுகின்றன, பிள்ளைகள் அறியாமலே கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. ஊருக்கு அது பெரும் பலம். தனிப் பட்டறைக்கு அதுவே பெரும் தலைவலி.

பட்டறைக்குள் போய்ப் பாருங்கள்

கேள்வியும் அலகும் முடிவானபின் நேரில் போக வேண்டும். நான் மாணவர்களை அழைத்துச் சென்றபோது கண்டதைச் சொல்கிறேன். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைக்கிறார்கள். அதற்குள் பூவேலை வெட்டிய அச்சை இறக்குகிறார்கள். சிமெண்டில் நிறம் கலந்த குழம்பை அச்சின் ஒவ்வோர் அறையிலும் கரண்டியால் ஊற்றுகிறார் தொழிலாளி; சிவப்பு ஓர் அறையில், பச்சை அடுத்ததில், மஞ்சள் நடுவில். பிறகு அச்சை ஒரே மூச்சில், ஆடாமல், நேர் மேலே தூக்குகிறார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, கலப்பதில்லை. அதன் மேல் காய்ந்த கலவையைத் தூவி, ஈரச் சாந்தைப் போட்டுச் சமன் செய்து, காயவைத்து, சில நாள் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் வழவழப்பாக வருகிறது.

அச்சைத் தூக்கும் அந்த நொடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பட்டறைக்காரர் சொன்னார்: ‘அச்சு என்ன சார், நாளைக்கே தகரத்துல அடிச்சிரலாம். தூக்குற கைதான் அகப்படாது. அந்தக் கையும் அடுத்த பட்டறையில அம்பது ரூவா கூடக் குடுத்தாப் போயிரும்.’ நான் வகுப்பில் ஒரு வாரம் எடுக்கும் பாடத்தை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இப்போது ஒவ்வொரு கோட்பாட்டையும் அதே பட்டறைக்குள் அழைத்து வரலாம்.

ஐந்து விசைகளின்படி இது லாபம் தங்கும் தொழில் அன்று. கொட்டகை, கண்ணாடி, சட்டம், அச்சு இருந்தால் யாரும் தொடங்கலாம். ஊர் முழுக்கப் பட்டறைகள். விட்ரிஃபைடு டைல், கிரானைட், பளிங்கு என்று மாற்றுகள் குவிந்து கிடக்கின்றன. ஆத்தங்குடிக் கோலத்தையே இயந்திரத்தில் அச்சடித்த டைல்களும் கடைக்கு வந்துவிட்டன. வெள்ளை சிமெண்டும் நிறப்பொடியும் தருவோர் பெரிய கம்பெனிகள். அவர்களிடம் சிறு பட்டறைக்காரரின் பேரம் எடுபடாது. வாங்குபவரோ பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை வீடு கட்டுபவர்; இன்று உங்களிடம் வாங்கியவர் நாளை திரும்பி வர வேண்டிய கட்டாயம் இல்லை.

வள நோக்கு அந்தத் தொழிலாளியின் கையில் வந்து நிற்கும். கை மதிப்புள்ளது, அரிது, பழக ஆண்டுகள் ஆகும். ஆனால் அது யாருடைய வளம்? பட்டறைக்காரர் சொன்ன ஐம்பது ரூபாய் அங்கேதான் முக்கியமாகிறது. கை எளிதில் இடம் மாறுமானால், அதனால் வரும் கூடுதல் வருவாய் கூலியாகத் தொழிலாளியிடமே போய்ச் சேரும், முதலாளியிடம் தங்காது. தங்க வேண்டுமானால், கையோடு சேர்ந்து பட்டறைக்கு மட்டுமே உரிய ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும்: முப்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த அச்சுகளும், எந்த வீட்டுக்கு எந்த நிறக் கலவை போனது என்ற குறிப்பேடும், நம்பி ஆள் அனுப்பும் கட்டடக் கலைஞர்களும். டீரிக்ஸ், கூல் இருவரும் 1989இல் காட்டியது இங்கே பொருந்தும். பத்தாண்டில் சேர்ந்ததை இரண்டு மடங்கு பணம் போட்டு ஐந்தாண்டில் சேர்த்துவிட முடியாது.

கோஸும் வில்லியம்சனும் வந்தால் வேறு இடத்தைப் பார்ப்பார்கள்: கல்லைப் பதிப்பது யார்? நல்ல கல்லை மோசமாகப் பதித்தால் தரை கெடும். வீட்டுக்காரர் திட்டுவது பட்டறையை. குற்றம் கல்லிலா கைவேலையிலா என்று பின்னால் பிரித்துக் காட்ட வழியில்லை. அதனால் பதிக்கும் ஆட்களையும் பட்டறையே அனுப்புவது செலவு கூடினாலும் அறிவுடையது என்று இந்தக் கோட்பாடு கணிக்கும். நுட்பமான கணிப்பு இது. நேரில் சென்று சரிபார்க்கவும் முடியும்.

இயங்கு திறன் இந்தப் பட்டறையில் அதிகம் பேசாது. அதற்கு வேலை பின்னால் வருகிறது.

கணிப்புகள் எங்கே மோதுகின்றன?

எல்லாக் கோட்பாடுகளும் ஒத்துப்போகும் இடத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். நல்ல பெயருள்ள பட்டறைக்கு வியாபாரம் நன்றாக நடக்கும் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். ஒன்று ஆம் என்றும் மற்றொன்று இல்லை என்றும் சொல்லும் இடத்தைத் தேடுங்கள்.

எடுத்துக்காட்டாக, அடுத்த இரண்டு ஆண்டில் ஊரில் இன்னும் சில பட்டறைகள் வந்தால் என்ன ஆகும்? ஐந்து விசைகளைக் கறாராகப் பிடித்தால், போட்டி கூடக்கூட எல்லோருடைய விலையும் இறங்க வேண்டும். ஆர்டர் நிரம்பி வழியும் முதல் பட்டறையும் தப்பாது. வள நோக்கின்படி, முதல் பட்டறையின் விலை பெரிதாக அசையக் கூடாது. அடிபடுபவை சாதாரணப் பட்டறைகள். இந்த இரண்டில் எது நடந்தது என்பதை ஆர்டர் நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆர்டர் நோட்டை எப்படிப் பார்ப்பது என்பதும் ஒரு கலை. மொத்த விற்பனையைக் கேட்காதீர்கள்; அதை யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் உங்களுக்கு உதவாது. கடைசியாக விலை ஏற்றியபோது யார் விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். எந்த ஆர்டரை வேண்டாம் என்று திருப்பினீர்கள் என்று கேளுங்கள். மறுக்க முடிகிற பட்டறைக்கு ஏதோ ஒரு பிடி இருக்கிறது. எது வந்தாலும் ஒப்புக்கொள்ளும் பட்டறைக்கு இல்லை. 1996இல் போர்ட்டர், எதைச் செய்யக் கூடாது என்று தேர்ந்தெடுப்பதே உத்தியின் சாரம் என்று எழுதியதை நான் முழுதாக நம்பத் தொடங்கியது இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான். மலிவான ஒற்றை நிறக் கல்லையும், வீட்டுக்காரர் வரைந்து கொடுத்த தனிக் கோலத்தையும் ஒரே மேசையில் மாறி மாறி ஊற்றும் பட்டறையில் நாளெல்லாம் அச்சு கழுவுவதிலும் நிறம் மாற்றுவதிலுமே பொழுது போவதைக் கண்டிருக்கிறேன். மலிவிலும் அவர்களால் வெல்ல முடியவில்லை, வேலைப்பாட்டிலும் முடியவில்லை.

என் பங்குக்கு ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். கோட்டையூர்ப் பக்கம் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் ஓர் ஆச்சியிடம், ஐந்து விசைகளைக் கணக்குப் போட்டுக் காட்டி, இத்தனை பேர் சீப்புச் சீடையும் மனகோலமும் விற்கும்போது விலையைக் குறைக்காமல் தாக்குப்பிடிக்க முடியாது என்று சொன்னேன். அவர் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘மாவு யாரு வேணா அரைப்பாக தம்பி. கல்யாண வீட்டுல எண்ணிக் குடுக்குற சாமானு, ஒண்ணு நமுத்துப் போனாலும் பேரு எனக்கு வராது, வீட்டுக்காரவுகளுக்கு வரும். அதுக்குத்தான் எங்கிட்ட வாராக’ என்றார். வாங்குபவரின் வலுவை நான் விலையில் அளந்தேன். அவர் வாங்குபவரின் அச்சத்தில் அளந்தார். அதற்குப் பிறகு, வாங்குபவர் எதற்கு அஞ்சுகிறார் என்று எழுதாத எந்த ஐந்து விசை ஆய்வுக்கும் நான் முழு மதிப்பெண் போட்டதில்லை.

துறையா, நிறுவனமா: எண்கள் சொல்வது

லாபத்தில் காணும் வேறுபாட்டுக்கு எந்த அளவு துறை காரணம், எந்த அளவு நிறுவனம் காரணம் என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1991இல் ரிச்சர்ட் ருமெல்ட், அமெரிக்க உற்பத்தித் தொழில்களின் 1970களின் நடுப்பகுதிக் கணக்குகளைக் கொண்டு, நிலையான துறைக் காரணம் ஏறத்தாழ 8 விழுக்காடு என்றும், தனித் தொழிற்பிரிவின் (ஒரு நிறுவனம் ஒரு துறையில் நடத்தும் பிரிவின்) காரணம் ஏறத்தாழ 46 விழுக்காடு என்றும் கண்டார். வள நோக்கினர் மகிழ்ந்தனர். 1997இல் மெக்கஹனும் போர்ட்டரும், நிதித்துறை நீங்கலாகப் பொருளாதாரத்தின் எல்லாப் பகுதிகளையும் சேர்த்து, 1981 முதல் 1994 வரையிலான கணக்குகளை எடுத்துக்கொண்டபோது துறையின் பங்கு ஏறத்தாழ 19 விழுக்காடாகவும், தொழிற்பிரிவின் பங்கு ஏறத்தாழ 32 விழுக்காடாகவும் வந்தது.

இந்த எண்களை எடுத்துக்கொண்டு ‘பார்னி வென்றார்’ என்று எழுத வேண்டாம். உற்பத்தித் தொழில்களை மட்டும் பார்த்தபோது துறையின் பங்கு சிறுத்தது. சேவைகளையும் வணிகத்தையும் சேர்த்தபோது பெருத்தது. எந்தத் தொழில்களைக் கூடையில் போட்டார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இரண்டு ஆய்விலுமே கணிசமான பங்கு எதனாலும் விளக்கப்படாமல் மிஞ்சியதையும் கவனியுங்கள். கோட்பாட்டை ஒப்பிடுபவர் அடக்கமாக இருப்பதற்கு அது ஒன்றே போதும்.

கடினமான கணக்கு: பர்மா

இனி இரண்டாவது பொருளைத் தராசில் வைப்போம். கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் 1852இல் எடுத்துக்கொண்டார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டா காடழிந்து நெல் வயலாயிற்று. பயிர் செய்தவருக்குக் கடன் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் வயலுக்குள் இறங்கவில்லை. அந்த இடைவெளியில் நகரத்தார் போய் உட்கார்ந்தார்கள். 1930இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அவர்களுடைய கடைகளை ஏறத்தாழ 1,650 என்றும், கொடுத்திருந்த கடனை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது.

ஐந்து விசைகள் இந்த வளர்ச்சியின் ஒரு பாதியை நன்றாக விளக்கும். கடனுக்குத் தேவை பெருகியது, மாற்று குறைவு, நுழைவது கடினம். நுழைவது ஏன் கடினம் என்று கேட்டால் அந்தக் கோட்பாடு நின்றுவிடும். அங்கே வள நோக்கு தொடரும். கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி (உதவியாளாகி), மேலாளாக (கடையை நடத்தும் முகவராக) வளரும் பயிற்சி. பேரேடும் ஐந்தொகையும் கையோடு வந்த பழக்கம். விலாசத்தை (கடையின் பெயரெழுத்துகளை) சொன்னாலே செல்லுபடியாகும் நாணயம். இவற்றைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

கோஸின் வழி வந்தவர்களுக்கோ இது விருந்து. கடலுக்கு அப்பால், முதலாளியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், பெட்டி நிறையப் பணத்தோடு உட்கார்ந்திருக்கும் மேலாளை எப்படி நம்புவது? சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கு, மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் ஊர் திரும்பிக் கணக்கு ஒப்படைப்பது, அவர் குடும்பமும் கோயிலும் பெண் கொடுக்கல் வாங்கலும் இதே ஊர்களில் இருப்பது என்ற மூன்றும் சேர்ந்து கண்காணிப்புச் செலவைக் குறைத்தன. பதினோராம் நூற்றாண்டு மக்ரிபி யூத வணிகர்களைப் பற்றி அவ்னர் கிரைஃப் 1989இல் எழுதியது ஏறக்குறைய இதே வகையான ஏற்பாட்டைத்தான். நம்பிக்கை என்று நாம் சொல்வதை ஏமாற்றினால் ஏற்படும் நட்டத்தின் கணக்காக அவர் விளக்கினார். எனக்கு அந்த விளக்கம் முக்கால் பங்கு சரியாகப் படுகிறது.

இங்கேதான் அலகுக் கேள்வி மறுபடி வருகிறது. நடப்பு வட்டியை ஒரு கடைக்காரர் தனியாக முடிவு செய்யவில்லை. இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி முடிவு செய்தார்கள். கைமாற்றும் உண்டியலும் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டும்) கடைக்குக் கடை ஓடின. ஒருவருக்கொருவர் போட்டியாளர்; ஒருவருக்கொருவர் வங்கி. மேன்மை கடைக்குள் இருந்ததைவிடக் கடைகளுக்கு இடையே அதிகம் இருந்தது. இதற்கு ஏற்ற கோட்பாடு, நிறுவனங்களின் உறவிலேயே வருவாய் பிறக்கும் என்று டயரும் சிங்கும் 1998இல் முன்வைத்த உறவு சார்ந்த நோக்கு. பட்டறைக்குப் பொருத்தமான தராசை அப்படியே இங்கே எடுத்து வந்து, ‘ஒரு கடையின் அரிய வளம் எது?’ என்று கேட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள்.

பிறகு 1930. நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவரால் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கடைகளின் மேல் வந்து விழுந்தது. முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த நகரத்தாரின் நில உரிமை, 1937இல் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. கேட்பதற்குச் செல்வம் கூடியது போல் இருக்கும். கைப்பணம் சேறாக உறைந்தது என்பதே உண்மை. பர்மியரின் கோபமும் அதோடு சேர்ந்து வளர்ந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள், 1948இல் நிலம் நாட்டுடைமைச் சட்டம் வந்தது.

ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. வள நோக்கு கணக்கிட்ட வளங்கள் அனைத்தும் 1931இலும் அப்படியே இருந்தன. பயிற்சி கெடவில்லை, ஐந்தொகை தவறவில்லை, நாணயம் குறையவில்லை. ஆயினும் மேன்மை போய்விட்டது. பார்னியின் நான்கு சோதனைகளில் முதலாவதான ‘மதிப்பு’ வெளியிலிருந்து, சந்தையிலிருந்து வருகிறது என்பதும், அது மாறும்போது அந்தக் கோட்பாட்டுக்குள் முன்னறிவிப்பு ஏதும் இல்லை என்பதும் இங்கே அம்பலமாகின்றன. நிலத்தை மதிப்பிட்டுக் கடன் கொடுக்கும் கைத்தேர்ச்சியே கையைக் கட்டியது. நிறுவனத்தின் உயிர்த்திறனே இறுகிப் போய்த் தடையாகும் என்று டாரதி லியோனார்ட்-பார்ட்டன் 1992இல் எழுதியதற்கு நம் ஊர் எடுத்துக்காட்டு இது.

டீஸும் கூட்டாளிகளும் இப்போது உள்ளே வரலாம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார். 1900இல் மோல்மேனில் தொடங்கிய முருகப்பா குடும்பம் போருக்கு முன்பே மூலதனத்தை இந்தியாவுக்கு நகர்த்தி, 1949இல் சைக்கிள் உற்பத்திக்கு வந்தது. மாற்றத்தை முன்கூட்டி உணர்வது, வாய்ப்பைப் பிடிப்பது, வளத்தை மாற்றி அமைப்பது என்று டீஸ் 2007இல் வகுத்த மூன்று படிகளையும் இவற்றில் காட்டிவிட முடியும்.

அப்படிக் காட்டுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. தப்பியவர்களின் பெயர் நமக்குத் தெரியும்; அதே ஆண்டில் அதே போல முயன்று மூழ்கியவர்களின் விலாசங்கள் யாருக்கும் நினைவில்லை. தப்பினார், ஆகவே திறன் இருந்தது. திறன் இருந்தது, ஆகவே தப்பினார் என்று வட்டமாகப் பேசிவிட்டு அதை விளக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். வள நோக்கின் மீதே இத்தகைய குற்றச்சாட்டை ரிச்சர்ட் பிரீமும் ஜான் பட்லரும் 2001இல் வைத்தார்கள். இதிலிருந்து தப்ப நான் பின்பற்றும் வழி, முடிவு தெரியும் முன் நடந்ததை மட்டும் பார்ப்பது. 1929 வரையிலான கணக்கைக் கொண்டு, யார் ஒரே மாவட்டத்தில் ஒரே வகை ஈட்டின் மேல் பணத்தைக் குவித்திருந்தார், யார் மலேயாவிலும் இலங்கையிலும் பிரித்து வைத்திருந்தார் என்று பிரித்துக்கொண்டு, அதன்பின் 1937க்குப் போக வேண்டும். குடும்பத்தில் பழைய ஐந்தொகை நோட்டுகள் மேல்வீட்டுப் பெட்டியில் கிடந்தால், கரையானுக்கு விடாமல் எடுத்து வாருங்கள். அந்த ஆண்டுகளுக்கு அவற்றைவிட நேர்மையான சாட்சி அரிது.

எழுதும்போது

ஒப்பீட்டை எழுதும்போது கோட்பாடுகளின் வரலாற்றில் தொடங்க வேண்டாம், கேள்வியில் தொடங்குங்கள். அடுத்து அலகு. அதன்பின் ஒவ்வொரு கோட்பாடும் அந்த ஒரே கேள்விக்குச் சொல்லும் விடையை, உங்கள் சொந்த நடையில், அந்தத் தொழிலின் சொற்களிலேயே ஒரு பத்தியில். ‘போலச் செய்ய முடியாத வளம்’ என்று எழுதுவதற்குப் பதில் ‘அச்சைத் தூக்கும் கை’ என்று எழுத முடியவில்லையென்றால், அந்த வளம் எது என்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று பொருள். பிறகு மோதும் கணிப்புகள், அவற்றைச் சோதிக்க நீங்கள் பார்த்தது, கிடைத்தது.

சில நேரம் எந்தப் பக்கமும் சாயாமல் தராசு நின்றுவிடும். அப்போது இரண்டுமே ஓரளவு சரி என்று மழுப்பி முடிக்காமல், எந்தச் செய்தி கிடைத்தால் எந்தக் கோட்பாடு விழும் என்பதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். நாங்கள் போன அந்தப் பட்டறையைப் பற்றி என் குறிப்பேட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறது. அச்சைத் தூக்கும் அந்தத் தொழிலாளி அடுத்த பட்டறைக்குப் போய்விட்டால், அவரோடு எத்தனை கட்டடக் கலைஞர்கள் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒருவரும் போகாவிட்டால் மேன்மை பட்டறையினுடையது. பாதிப் பேர் போனால், இத்தனை நாள் முதலாளியின் வளம் என்று நான் வகுப்பில் சொல்லி வந்ததை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.